ஒரே பொருள் தரும் வாக்கியம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படித்தான். ஒரு காற்புள்ளி தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒரு கூட்டத்தை மதியம் தாண்டி இழுத்தடித்ததால் வந்த பெயர். அந்தப் புள்ளியை நகர்த்தாமல் விட்டிருந்தால், தீப்பிடித்ததும் திறக்க வேண்டிய கிடங்குக் கதவுகள் பூட்டிக்கொண்டிருக்கும். அது யாருக்கும் ஞாபகமில்லை. அன்று சாப்பாடு ஆறிப்போனது மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருந்தது.

மென்பொருள் எழுதத் தொடங்கும் முன், அது என்னென்ன செய்ய வேண்டும் என்று சாதாரண வாக்கியங்களில் எழுதி வைப்பார்கள். அவற்றுக்குத் தேவைகள் என்று பெயர். நிரல் எழுதுகிறவர்கள் அதைப் படித்துத்தான் எழுதுவார்கள், சோதிக்கிறவர்கள் அதை வைத்துத்தான் சோதிப்பார்கள். வாக்கியம் இரண்டு விதமாகப் புரிந்தால் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கட்டி வைப்பார்கள். அப்படிப் புரியாமல் பார்த்துக்கொள்வது கமாவின் வேலை. 'உரிய நேரத்தில்' என்று இருந்தால் எது உரிய நேரம் என்று கேட்பாள். 'முடிந்தவரை' என்றால் யாருக்கு முடிந்தவரை என்பாள். 'போன்றவை' என்றால் மிச்சத்தையும் எழுதுங்கள் என்பாள். 'படும்' என்று முடிகிற வாக்கியத்தைக் கண்டாலே அவளுக்கு உடம்பு எரியும்.

"தெரிவிக்கப்படும், காட்டப்படும், சேமிக்கப்படும். எல்லாத்துக்கும் படும் படும்னு போட்டுட்டா எப்படி? செய்யறது யாருன்னு எழுதுங்க. இல்லன்னா கடைசில படறது நாமதான்."

இதை அவள் அடிக்கடி சொன்னது கவிஞரிடம். கவிஞர் என்பதும் அலுவலகம் வைத்த பெயர்தான். தேவைகளை எழுதுவது அவர் வேலை. நாற்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர், யார் மனதும் கோணக் கூடாது என்று நினைப்பவர். அந்த நல்ல குணமே அவர் வாக்கியங்களில் இறங்கிவிடும். எல்லாம் வழவழவென்று இருக்கும், கையில் பிடித்தால் நழுவும்.

அந்த வருடம் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. நோயாளிகளின் உடம்பில் மாட்டியிருக்கும் கருவிகளில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், செவிலியர்கள் வைத்திருக்கும் கைபேசியில் உடனே மணி அடிக்க வேண்டும். இதற்கான மென்பொருள்தான் வேலை. அந்த ஆஸ்பத்திரியில்தான் கமாவின் நாத்தனார் செவிலியராக இருந்தாள். கமாவின் கணவனுக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே மாடி அறையில் இருந்தாள். வேலை முடிந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாள். கமா அவள் கையில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே காய் நறுக்குவாள். இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கவிஞர் எழுதிய ஆவணத்தில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது. 'நோயாளியின் நிலையில் கவலைக்குரிய மாற்றம் ஏற்படுமாயின், பொறுப்புச் செவிலியருக்கு உடனடியாகத் தெரிவிக்கப்படும்; அவர் உரிய நேரத்தில் பதிலளிக்காவிடில் அடுத்தவருக்குத் தெரிவிக்கப்படும்.'

கமா அதில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லின் மேலும் குறி போட்டாள். முக்கியமாகப் 'பதிலளிக்காவிடில்' என்ற சொல்லின்மேல். பதில் என்றால் என்ன? நிரல் எழுதுகிறவனைக் கேட்டாள். "செய்தி ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னா பதில் வந்த மாதிரிதான்" என்றான். சோதிக்கிற பெண்ணைக் கேட்டாள். "நர்ஸ் கட்டில் பக்கத்துல போய் நின்னு அலாரத்தை நிறுத்தறதுதானே பதில்?" என்றாள் அவள். மேனேஜர், "பதில்னா பதில்தான் கமா, இதுல என்ன இருக்கு?" என்றார். ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி தொலைபேசியில் சிரித்தார். "எங்க நர்ஸுங்களுக்கு அதெல்லாம் தெரியும்மா. நீங்க கவலைப்படாதீங்க."

ஒரு சொல், ஆளுக்கொரு அர்த்தம். திருப்பி அனுப்பினாள். திரும்பி வந்தது, 'உரிய' என்பது 'தகுந்த' என்று மாறியிருந்தது. மறுபடி அனுப்பினாள்.

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோதுதான் கம்பெனியில் வாத்தியாரை வாங்கிப் போட்டார்கள். அது ஒரு மென்பொருள். ஆவணத்தை உள்ளே கொடுத்தால் வாக்கியங்களைப் படித்து, மழுப்பலான சொற்களுக்குச் சிவப்புக் கோடு போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும். அதனால்தான் வாத்தியார். நூற்றுக்கு நூறு வாங்காத ஆவணம் இனி வெளியே போகாது என்று மேனேஜர் அறிவித்தார். முதலில் கமாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தான் இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியதை ஒரு இயந்திரமாவது ஒத்துக்கொள்கிறதே என்று நினைத்தாள்.

கவிஞருக்கு முதல் தடவை முப்பதுகூடத் தேறவில்லை. மனிதர் வாடிப்போய்விட்டார். "பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு கம்மியா வாங்கினதில்ல கமா" என்றார். ஆனால் அவர் மக்கு இல்லை. வாத்தியாருக்கு என்ன பிடிக்கும் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். எண் போட்டால் பிடிக்கும். யார் செய்வது என்று எழுதினால் பிடிக்கும். ஒரு வாக்கியத்தில் ஒரே வேலை இருந்தால் பிடிக்கும். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்குப் பதில் அவர் ஒரு எண்ணைப் போடத் தொடங்கினார்.

"முப்பது வினாடின்னு போட்டேன், பச்சையாயிடுச்சு" என்றார் ஒரு நாள், குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக.

"ஏன் முப்பது?"

"ஒரு நிமிஷம் ஜாஸ்தியாத் தெரிஞ்சுது."

கடைசியில் அந்த வாக்கியம் இப்படி வந்தது. 'எச்சரிக்கை ஒலித்த முப்பது வினாடிக்குள் பொறுப்புச் செவிலியர் தன் கைபேசியின் திரையைத் தொட்டால், அவர் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டார் என்று அமைப்பு பதிவு செய்யும். ஒலியை நிறுத்தும். எச்சரிக்கையை வேறு எவருக்கும் அனுப்பாது.'

கமா அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். 'படும்' இல்லை. மழுப்பல் இல்லை. எப்படிப் புரட்டினாலும் ஒரே பொருள்தான் வந்தது. பதில் என்றால் தொடுவது. அவள் இத்தனை நாளாகக் கேட்ட கேள்விக்கு நேரான பதில். நிரல் எழுதுகிறவனும் சோதிக்கிற பெண்ணும் மேனேஜரும் இனி ஒரே மாதிரி புரிந்துகொள்வார்கள். அவளுக்கு மறுப்புச் சொல்ல ஒரு இடமும் கிடைக்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் என்னவோ நெருடியது.

அன்று சாயங்காலம் சின்னவள் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது கமா அவளிடம் கேட்டாள். "உனக்கு ஃபோன்ல மணி அடிக்குது. நீ திரையைத் தொடறே. தொட்டா, நீ பார்த்துட்டேன்னு எடுத்துக்கலாமா?"

"தொட்டா எப்படி அண்ணி? ஃபோன் பாக்கெட்ல கிடக்கும். நான் ஒரு ஆளைத் தூக்கி உட்கார வெச்சுட்டிருப்பேன், அவர் கை பட்டாலே திரையைத் தொட்ட மாதிரிதான். பாதி நாள் துணி நனைஞ்சிருக்கும். அதுவா யாருக்காவது ஃபோன் போட்டு, 'ஹலோ ஹலோ'ன்னு பாக்கெட்டுக்குள்ளேருந்து சத்தம் வரும்."

கணவன் கை கழுவிக்கொண்டே வந்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "எங்க தொழில்ல ஏறு, இறங்கு, ரெண்டே வார்த்தை. உங்களுக்குத்தான் தொடு, பார், பதில் சொல்லுன்னு ராமாயணம்" என்றான். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் கமா கூட்டத்தில் எழுந்தாள். நிர்வாக அதிகாரியும் வந்திருந்தார்.

"இந்த வாக்கியத்தை மாத்தணும். தொட்டா பார்த்ததா ஆகாது. பாக்கெட்லயே தொட்டுடும்" என்றாள்.

மேனேஜர் திரையைக் காட்டினார். பச்சை. "வாத்தியார் நூறு குடுத்திருக்கு. நீ சொல்லு, வாக்கியம் தெளிவா இருக்கா இல்லையா?"

"தெளிவா இருக்கு. ஆனா தப்பா இருக்கு."

"கமா, உன் வேலை வாக்கியம் சரியான்னு பார்க்கறது. வார்டுல என்ன நடக்கும்ங்கறது ஆஸ்பத்திரி வேலை." அவர் அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி, "எங்களுக்கு மென்பொருள் தெரியாதுங்க. தொடறதுதான் வசதின்னு உங்க ஆளுங்க எழுதியிருந்தாங்க, நாங்களும் சரின்னு ஒத்துக்கிட்டோம்" என்றார். பிறகு பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். "பாக்கெட்தான் பிரச்சனைன்னா, ஃபோனைச் சட்டையில மாட்டிக்கற மாதிரி ஒரு உறை வாங்கிக் கொடுத்துடறோம். பாக்கெட்ல போடக் கூடாதுன்னு சுற்றறிக்கையும் விடறோம். போதுமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கவிஞர் மட்டும் மேசைக்கடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். கமா வற்புறுத்தினாள். செவிலியர் தானே ஒரு எண்ணை அழுத்தினால்தான் பதில் என்று மாற்றலாம், அல்லது பத்து நிமிடத்தில் யாரும் அறைக்குப் போகவில்லையென்றால் மறுபடி அடிக்கலாம். மாற்றினால் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் மேனேஜர். தேதி தள்ளிப்போகும் என்றார் அதிகாரி. அவள் சொன்னதை ஒரு கருத்தாகக் குறித்துக்கொண்டார்கள். உறை வாங்குவதாக முடிவானதும், அந்தக் கருத்துக்கு நேரே 'தீர்ந்தது' என்று போட்டார்கள். அவள் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் 'தரம் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. யாரால் என்று இல்லை. கீழே அவள் பெயர்தான் இருந்தது. வைத்தாள்.

ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாமல் போன முதல் ஆவணம் என்பதற்காக அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கத்தியைக் கவிஞர் கையில் கொடுத்தார்கள். அவர் கூச்சத்தோடு வெட்டி முதல் துண்டைக் கமாவுக்கு ஊட்ட வந்தார். அவள் கையில் வாங்கிக்கொண்டாள்.

அமைப்பு நடைமுறைக்கு வந்தது. உறைகளும் வந்தன. மெல்லிய பிளாஸ்டிக். அவற்றின் கொக்கி முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றாக உடைந்தது. செவிலியர்கள் தலைமைச் செவிலியரிடம் சொன்னார்கள், அவர் ஸ்டோருக்கு எழுதினார், ஸ்டோரில் அடுத்த கொள்முதலில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை எல்லோரும் கைபேசியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். வேறு எங்கே போடுவது? கையில் பிடித்துக்கொண்டு நோயாளியைத் தூக்க முடியுமா?

சின்னவளின் வார்டில் அப்போது ஒரு தையற்காரர் படுத்திருந்தார். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். செவிலியர்களின் சீருடையைப் பார்த்துப் பார்த்து, "இதை வெட்டினவனுக்கு மனுஷங்களுக்குத் தோள் இருக்குன்னு யாரும் சொல்லல போலிருக்கு" என்று கிண்டல் செய்வார். வீட்டுக்குப் போனதும் சின்னவளுக்கு ஒரு சீருடையைச் சரியாகத் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சின்னவள் இதைச் சமையலறையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அது பார்வையாளர்கள் வருகிற மதிய நேரம். தையற்காரரின் மனைவி பழம் வாங்கக் கீழே போயிருந்தார். சின்னவள் வராந்தாவின் கடைசி அறையில் இருந்தாள். அங்கே ஒரு பெரியவர் கழிவறைக்குப் போகும் வழியில் கால் மடங்கிச் சரிந்துவிட்டார். கனத்த உடம்பு. வாந்தியும் எடுத்திருந்தார். சின்னவள் கையுறையோடு அவரைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்திருந்தாள், அவர் முழங்கை அவள் இடுப்பில் அழுந்தியிருந்தது. அப்போது பாக்கெட்டில் மணி அடித்தது. ஒரு தடவை முனகிவிட்டு நின்றுபோனது. வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். பழைய முறையில் அப்படித்தான். ஒருவர் கட்டிலருகே போய் நிறுத்தினால்தான் மணி நிற்கும். மணி நின்றால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் பெரியவரைக் கட்டிலில் சேர்த்து, துடைத்து, வேறு உடை மாற்றிவிட்டு வெளியே வந்தபோது தையற்காரரின் மனைவி பழப் பையோடு வராந்தாவில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். தையற்காரரின் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, இரத்த அழுத்தம் இறங்கிப் போயிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

பதிவில் தெளிவாக இருந்தது. எச்சரிக்கை ஒலித்தது. பொறுப்புச் செவிலியர் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டார். ஒலி நின்றது.

சின்னவள் அன்று வீட்டுக்கு வந்து தரையில் உட்காரவில்லை. நேராக மாடிக்குப் போய்விட்டாள். கமா டீயோடு போனபோது சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நான் பார்க்கல அண்ணி. சத்தியமா பார்க்கல. பார்த்திருந்தா போயிருப்பேனே."

"தெரியும்" என்றாள் கமா. அந்த வாக்கியத்தைப் படித்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மேசை நாற்காலி தவிர ஒன்றுமில்லாத ஒரு அறை. கமாவைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள், ஆவணத்தில் அவள் பெயர் இருந்ததால். அவள் போக விரும்பினாள். இத்தனை நாள் எழுத்தில் சொல்லி எடுபடாததை இப்போது மனிதர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று நம்பினாள். கணவன் அவளுக்காக அன்று வேலைக்குப் போகாமல் கூட வந்தான்.

வெளியே வராந்தாப் பெஞ்சில் சின்னவளும், எதிரே தையற்காரரின் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான். அந்த அம்மாள் ரொம்ப நேரம் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார். "நீ பார்த்துட்டேன்னு மெஷின்ல இருக்காமே. பார்த்துட்டு ஏம்மா வரல?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது.

கமாவை உள்ளே கூப்பிட்டார்கள். குழுத் தலைவர் வெள்ளை முடியோடு, பொறுமையாகப் பேசுகிறவராக இருந்தார். அந்த வாக்கியத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தாள்.

"இதுக்கு வேற அர்த்தம் எடுக்க முடியுமா?"

"முடியாது."

"படிக்கறவங்களுக்குக் குழப்பம் வருமா?"

"வராது."

"மென்பொருள் இதுல எழுதினபடிதான் நடந்துக்கிச்சா?"

"அப்படியேதான் நடந்துக்கிச்சு. ஆனா ஐயா, வாக்கியம் தெளிவா இருக்கறது வேற, அது உண்மையா இருக்கறது வேற. திரையைத் தொட்டா பார்த்ததா அர்த்தம்னு நாங்க காகிதத்துல எழுதிட்டோம். எழுதிட்டதால அது நிஜமாயிடாது. வார்டுல ஃபோன் பாக்கெட்லதான் இருக்கும், யார் கை பட்டாலும் தொடும். இதை நான் அப்பவே கூட்டத்துல சொன்னேன்."

"சொன்னீங்க. குறிப்புல இருக்கு. அதனாலதான் உறை கொடுத்திருக்காங்க. பாக்கெட்ல போடாதேன்னு சுற்றறிக்கையும் இருக்கு."

"உறை உடைஞ்சுபோச்சு."

"அது வேற விஷயம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நர்ஸா வேலை பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ வார்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் நாத்தனார் சொன்னா."

"அவங்க யாரு?"

கமா அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று உணர்ந்தாள். கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. "வெளியில உட்கார்ந்திருக்கா" என்றாள்.

குழுவில் இருந்த பெண் மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார். மேனேஜர் மூலையில் உட்கார்ந்திருந்தார், அவர் முகம் சிவந்தது. தலைவர் மட்டும் மாறாத குரலில், "இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்றார். அதற்குப் பிறகு அவள் பேசியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

தீர்ப்பு இரண்டு பக்கம். மென்பொருள் குறையின்றி இயங்கியது. தேவைகள் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தன, அவற்றின் தரத்தைச் சரிபார்த்தவரே அதை உறுதி செய்தார். செவிலியர் சுற்றறிக்கையை மீறிக் கைபேசியைப் பாக்கெட்டில் வைத்திருந்தார், எச்சரிக்கையைப் பார்த்தும் செல்லவில்லை. சின்னவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். செவிலியர் பதிவையும் ரத்து செய்தார்கள்.

அன்றிரவு கணவன் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? குழப்பமா இருக்கு, ரெண்டு விதமா புரியுதுன்னு. உன் வாயால சொல்லியிருந்தா அவங்க என்ன பண்ணியிருப்பாங்க?"

"குழப்பமா இல்லையே."

"அதான் கேக்கறேன். ஊர்ல எல்லா வாக்கியமும் குழப்பமா இருக்குன்னு சொல்வே. உன் தங்கச்சி மாதிரி ஒருத்தி, அவளுக்காக ஒரே ஒரு தடவை பொய்யா சொல்லக் கூடாதா?"

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். பொய் சொல்லியிருந்தாலும் பக்கத்திலேயே வாத்தியார் கொடுத்த நூறு இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அவன் கேட்டது அதுவல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் அவள் அந்த வாக்கியத்தை மாற்றச் சொல்லி முறைப்படி விண்ணப்பித்தாள். மற்ற வார்டுகளிலும் அதே மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர்களுடைய வழக்கறிஞரிடம் போய், திரும்பி வந்தது. குறையில்லை என்று விசாரணையில் முடிவானதை இப்போது திருத்தினால், குறை இருந்தது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். ஆகவே மாற்றம் தேவையில்லை. அவள் ஆஸ்பத்திரிக்கே போய்த் தலைமைச் செவிலியரைப் பார்த்தாள். அவர் அவளை உள்ளே உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, "எங்க பொண்ணுங்க எல்லாரும் இப்ப ஃபோனை எடுத்து மேசைமேல வெச்சுட்டுப் போயிடறாங்க. பாக்கெட்ல வெச்சா வேலை போயிடும்னு பயம். மணி அடிச்சா மேசைக்குத்தான் கேக்கும்" என்றார்.

கம்பெனியில் திட்ட விஷயத்தை வீட்டில் பேசியதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சரிபார்க்கிற பிரிவையே எடுத்துவிட்டார்கள், வாத்தியார் இருக்கும்போது தனியாக ஆள் எதற்கு? ஆவணங்களை வாத்தியாருக்குள் ஏற்றி மதிப்பெண்ணை எடுத்து அனுப்புகிற வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கவிஞர் ஒரு நாள் அவள் மேசையருகே வந்து நின்றார். "நான் முப்பது வினாடின்னு போட்டிருக்கக் கூடாது கமா" என்றார். "முப்பதுல தப்பில்ல" என்றாள் அவள். அப்புறம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது அந்த ஆவணத்தைத்தான் தன் சிறந்த வேலை என்று காட்டி அங்கே இடம் வாங்கினாராம்.

சின்னவள் கொஞ்ச நாள் மாடியிலேயே கிடந்தாள். பிறகு ஒரு சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. கை சிவந்து வீட்டுக்கு வருவாள். கமாவிடம் பேசாமல் இல்லை. பேசினாள். அதுதான் கமாவுக்குத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவளே கேட்டாள்.

"அண்ணி, அந்த அம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? நான் பார்க்கலன்னு அவங்ககிட்டயாவது சொல்லணும். எனக்குச் சொல்ல வராது. நீங்க இருந்தா, புரியற மாதிரி சொல்வீங்க."

ஒரு விடுமுறை நாள் காலையில் தையற்காரரின் வீட்டுக்குப் போனார்கள். முன்னறைதான் தையற்கடையாக இருந்தது. இயந்திரத்தின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. வாங்கிப்போக ஆள் வராத உடுப்புகள் கம்பியில் தொங்கின. அந்த அம்மாள் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். விரட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

கமா சொன்னாள். அவளால் முடிந்த மட்டும் எளிய சொற்களில் சொன்னாள். பாக்கெட்டுக்குள் மணி அடித்தது. கீழே விழுந்த ஒருவரின் முழங்கை அந்த ஃபோனில் பட்டது. மணி நின்றது. மணி நின்றதால் யாரோ போய்விட்டார்கள் என்று இவள் நினைத்தாள். பட்டால் பார்த்த மாதிரி என்று மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் மெஷின் அப்படி எழுதிக்கொண்டது. இவள் பார்க்கவே இல்லை. ஒரு சொல்கூட மிகையில்லாமல், ஒரு சொல்லும் விடாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவள் எதையும் சொன்னதில்லை.

அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "புரியுதும்மா" என்றார். "நல்லாப் புரியுது. நீ சொல்றது எல்லாம் புரியுது."

சின்னவள் அழத் தொடங்கினாள். அந்த அம்மாள் எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்தார். கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்தார். பிறகு, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, ரகசியம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"எனக்கு யார்மேலயும் கோபமில்ல. நீ என்கிட்ட மட்டும் சொல்லு. பார்த்தேல்ல?"

சின்னவள் கமாவைப் பார்த்தாள். கமா வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க வாயெடுத்தாள். அந்த அம்மாளின் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அங்கே சந்தேகம் என்று ஒன்று இல்லை.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். பேருந்தில் இடம் கிடைத்தது. சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இரண்டு கைகளையும் மேல்நோக்கி விரித்து வைத்துக்கொண்டாள். சலவைத் தூளில் வெந்த கைகள். வீடு வரும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கமா அவள் தோளைத் தொட்டாள். அவள் எழுந்து பின்னாலேயே இறங்கினாள்.